நூலகம் முகநூலுக்கு வந்துவிட்டது, நூற்பட்டியல் எப்போது வரும்?

நூலகத்தின் பெயரில் ஒரு முகநூல் பக்கம் இருக்கிறது. வாசகர் வட்டக் கூட்டத்தின் படங்கள், புதிதாக வந்த புத்தகங்களின் அட்டைகள், கோடை விடுமுறைப் போட்டிக்கான அழைப்பு என்று பதிவுகள் வருகின்றன. வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆனால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஒரு வாசகர், தனக்கு வேண்டிய புத்தகம் அந்த நூலகத்தில் இருக்கிறதா, இருந்தால் யாராவது இரவல் வாங்கிப் போயிருக்கிறார்களா என்று வீட்டிலிருந்தே பார்க்க விரும்பினால் பல ஊர்களில் அதற்கு வழியில்லை. நேரில் போய், தட்டுகளின் முன் நின்று தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூலகம் இணையத்துக்கு வந்துவிட்டது என்றால் புத்தகம் மட்டும் ஏன் வரவில்லை என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நூலகர் பக்கத்திலும் குழப்பம்தான். வலைப்பூ தொடங்குங்கள் என்கிறார் ஒருவர். கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவுங்கள் என்கிறார் இன்னொருவர். புத்தகங்களில் ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் வானொலி அலை வில்லை ஒட்ட ஒரு நிறுவனம் விலைப்புள்ளி அனுப்புகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. இவற்றில் எது எந்த வேலைக்கு, எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

1. நூற்பட்டியல். நூலகத்தில் என்ன இருக்கிறது, எந்தத் தட்டில் இருக்கிறது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்வது. ஒரு காலத்தில் அட்டைப் பெட்டிகளில் இருந்தது. இன்று கணினியில் இருக்கிறது. பொதுமக்கள் இணையத்தில் தேடும்படி திறந்துவைத்தால் அதற்கு இணையவழி நூற்பட்டியல் என்று பெயர்.

2. வலைப்பூ. ஒரு புத்தகத்தைப் பற்றியோ தொகுப்பைப் பற்றியோ நூலகர் நின்று நிதானமாக எழுதிவைப்பது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத முகவரி உண்டு. தேடுபொறி அதைக் கண்டுபிடிக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே முகவரியில் படிக்கலாம்.

3. சமூக ஊடகம். இன்று நூலகம் திறந்திருக்கிறதா, மாலைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்பது போன்ற, சில நாள்களில் பழையதாகிவிடும் செய்தியைச் சொல்வது.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. நூற்பட்டியல் இல்லாத நூலகத்தில் வலைப்பூ எதைச் சுட்டிக்காட்டும்? சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாத முகநூல் பக்கத்தில் வாசகர் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு என்ன செய்வார்? பல இடங்களில் வேலை தலைகீழாக நடக்கிறது: எளிதான மூன்றாவதிலிருந்து தொடங்கி, கடினமான முதலாவதற்கு வராமலே நின்றுவிடுகிறது. நூலகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முகநூல் பக்கம் தொடங்கப் பத்து நிமிடம் போதும். ஒரு கிளை நூலகத்தின் புத்தகங்களை ஒழுங்காகப் பதிவுசெய்ய மாதக்கணக்கில் ஆகும், அதற்கென்று தனி ஆளும் கிடைப்பதில்லை.

புதுமைப்பித்தனைத் தேடினால் கிடைப்பாரா?

ஒரு புத்தகத்தின் விவரங்களைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவில் எழுதுவதற்கான விதிமுறை மார்க் எனப்படுகிறது. 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் தலைமையில் உருவானது. அதன் இன்றைய வடிவம் மார்க் 21. ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, இணைய இணைப்புக்கு 856 என்று ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு புல எண் உண்டு. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒரு நூலகத்தின் பதிவை இன்னொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ள முடிகிறது.

இந்தப் பதிவுகளைச் சேமித்து, இரவல் கொடுத்து வாங்குவதையும் கவனிப்பது நூலக மேலாண்மை மென்பொருள். கட்டற்ற மென்பொருளான கோஹா, நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நெருக்கடியில் பிறந்தது அது. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா, பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃப்ளிப்நெட் தரும் சோல் ஆகியவையும் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், உள்ளே போகும் தமிழ் சரியாக இல்லையென்றால் வெளியே ஒன்றும் கிடைக்காது. இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன். இயற்பெயர் சொ. விருத்தாசலம், சொ.வி., ரசமட்டம் என்றும் எழுதினார். கடலூர் நூலகம் ஒன்றில் அவருடைய புத்தகங்கள் பல்வேறு ஆண்டுகளில், பல்வேறு பணியாளர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். என்னவெல்லாம் தவறக்கூடும்?

1. பெயரின் வடிவங்கள். ஒருவர் "புதுமைப்பித்தன்" என்று பதிந்திருப்பார், ஒருவர் ஒற்று இல்லாமல் "புதுமைபித்தன்" என்று, ஒருவர் "விருத்தாசலம், சொ." என்று. கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். இதற்காகத்தான் பெயர் ஆணைப் பதிவு என்ற ஒன்றை நூலகவியல் வைத்திருக்கிறது: ஒரு வடிவத்தைத் தலைமைப் பெயராகக் கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன்கீழ் "இதைக் காண்க" என்று இணைத்துவிடுவது. அப்படிச் செய்துவிட்டால் வாசகர் எப்படித் தேடினாலும் எல்லாப் புத்தகங்களும் வந்துவிடும்.

2. பழைய எழுத்துருக்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அவற்றில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய பட்டியல் கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு மாற்றி, வரி வரியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

3. ஒரே எழுத்து, இரண்டு உருவங்கள். "சொ" என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதை ச, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ச, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் என்னும் செயல்முறை இரண்டையும் ஒன்றாகக் கருதச் செய்யும். அது இல்லாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. காலுக்குப் பதில் ர என்ற எழுத்தையே தட்டியிருந்தால் எந்தச் செயல்முறையும் காப்பாற்றாது. கையால் திருத்துவதே வழி.

4. அகர வரிசை. யூனிகோடு அட்டவணையில் எழுத்துகள் நம் அகராதி வரிசைப்படி அமைக்கப்படவில்லை. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ இருக்கிறது. ந-வுக்கு அடுத்து ன வருகிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனைச் சகர வரிசைக்கும் ஞகர வரிசைக்கும் இடையில் கொண்டுபோய் வைக்கும். தமிழ் அகராதி முறையில் கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பிறகு, கடைசியில் வரவேண்டும். கோஹாவில் ஐ.சி.யு. என்னும் பன்மொழிக் கூறுக்கு ஏற்ப அமைப்பை மாற்றினால் தமிழ்த் தேடல் பெருமளவு சீராகும். நிறுவுபவரிடம் இதை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும்.

இவை சிறிய விவரங்களாகத் தோன்றலாம். ஆனால் இந்த நான்கில் ஒன்று தவறினாலும், தட்டில் இருக்கும் புத்தகத்தை "இல்லை" என்று திரை சொல்லிவிடும். வாசகர் நம்பிப் போய்விடுவார். கொள்ளிடத்துக்கு அக்கரையில், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. வாசகரைத் தவறாகத் திருப்பி அனுப்பும் பட்டியல் அந்த விதியை மட்டுமல்ல, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்ற மூன்றாவது விதியையும் மீறுகிறது.

ஐ.எஸ்.பி.என். என்னும் உலகப் பொது நூல் எண் உள்ள புத்தகமென்றால் எண்ணைக் கொடுத்து வேறொரு நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ளலாம். அந்த எண் முறை உலகத் தரமானது 1970-இல்தான். அதற்கு முந்தைய தமிழ் நூல்களுக்கும், பின்னால் வந்த ஏராளமான சிறு பதிப்புகளுக்கும் எண் கிடையாது. உள்ளூர்க் கவிஞரின் தொகுப்பு, கோயில் தலவரலாறு, பள்ளி மலர் போன்றவை எந்த நாட்டுப் பட்டியலிலும் இருக்காது. நூலகரின் உழைப்பு முதலில் போக வேண்டியது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.

சமூக ஊடகம் எப்படி வேலை செய்கிறது?

நூலகம் வாசகருடன் இணையத்தில் உரையாட வேண்டும் என்ற எண்ணத்துக்கு வயது இருபதுக்கு மேல். மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் 2005-இல் தம் வலைப்பூவில் "நூலகம் 2.0" என்று அதற்குப் பெயரிட்டார். அப்போது மையமாக இருந்தவை வலைப்பூவும், புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் செய்தியோடையும். பிறகு கூட்டம் சமூக ஊடகத்துக்கு நகர்ந்தது. அங்கே நூலகர் அறிந்திருக்க வேண்டியவை:

1. முகநூல் பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் ஒவ்வொரு பதிவும் காட்டப்படுவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் தரவரிசை நிரல் முடிவுசெய்கிறது. சனிக்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பு திங்கட்கிழமை கண்ணில் படலாம்.

2. வாட்ஸ்அப் குழுவில் போட்டதைத் தேடுபொறிகள் பார்க்க முடியாது. அங்கே எழுதும் நல்ல நூல் அறிமுகம் அந்தக் குழுவோடு முடிந்தது.

3. குழுவில் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளம்பெண்களை ஒரு பொது நூலகக் குழுவில் சேர்க்கும் முன் இதை யோசித்தே ஆக வேண்டும். 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அறிவிப்புக்கு அதுவே ஏற்றது.

4. புத்தகப் பட்டியலை அழகிய படமாக வடிவமைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. படத்துக்குள் இருக்கும் எழுத்து பல இடங்களில் தேடலில் சிக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் பெரும்பாலும் வெறும் படம்தான். அதே பட்டியலைக் கீழே எழுத்தாகவும் தட்டிவிட ஐந்து நிமிடம் ஆகும்.

5. சேவையே மூடப்படலாம். ஆர்குட் 2014-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும், யாஹூ குழுமங்கள் 2020-இலும் நிறுத்தப்பட்டன.

இதனால் சமூக ஊடகம் வேண்டாம் என்று ஆகாது. வங்கக் கடலின் புயல்கள் அடிக்கடி கரையேறும் பகுதி கடலூரும் புதுச்சேரியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். கனமழை நாளில் நூலகம் மூடியிருக்கிறது, இரவல் கெடு நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல அதைவிட விரைவான வழி இல்லை.

வலைப்பூவின் இடம்: ஏப்ரல் கடைசி வாரம்

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். 24 ஜெயகாந்தன் பிறந்த நாள், 25 புதுமைப்பித்தன், 27 புதுச்சேரியின் பிரபஞ்சன், 29 பாரதிதாசன். கடலூர், புதுச்சேரி ஆகிய இரண்டு ஊர்களின் நான்கு எழுத்தாளர்கள் ஒரே வாரத்தில் வருகிறார்கள்; இப்படி ஒரு வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமையாது. நூலகர் முகநூலில் ஒவ்வொரு நாளும் ஒரு படமும் "புகழ் வணக்கம்" என்ற வரியும் போட்டால் அன்று மாலைக்குள் அது கீழே போய்விடும்.

அதற்குப் பதில் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதலாம். அந்த எழுத்தாளரின் எந்தெந்த நூல்கள் நம்மிடம் இருக்கின்றன, எந்தப் பதிப்பு, புதிதாகப் படிக்க வருபவர் எதில் தொடங்கலாம், கிடைத்தற்கரிய பிரதி ஏதும் உண்டா என்று எழுதி, ஒவ்வொரு நூலின் பெயரிலும் நூற்பட்டியலின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்தப் பதிவின் முகவரியை முகநூலிலும் வாட்ஸ்அப் சேனலிலும் பகிரலாம். அடுத்த ஏப்ரலில் அதே பதிவில் புதிய நூல்களைச் சேர்த்தால் போதும். பள்ளி மாணவர் ஒருவர் ஆகஸ்டில் தேடினாலும் அது கிடைக்கும். சமூக ஊடகத்தில் வரும் கேள்விகளுக்கும் வலைப்பூவில் பதில் எழுதிவைத்தால் இரண்டாவது முறை கேட்பவருக்கு முகவரியை மட்டும் அனுப்பலாம்.

விளக்கம் இல்லாத படம் எவ்வளவு குறைவாகப் பயன்படும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளின் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியிலும் உள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அச்சுவடிகளை ஆய்வாளர் பயன்படுத்த முடிவதற்குக் காரணம் சுவடிக்குச் சுவடி எழுதப்பட்ட விவரப் பட்டியல். எந்த நூல், எந்த எழுத்து, எத்தனை ஏடு என்ற குறிப்பு இல்லாமல் ஏடுகளின் ஒளிப்படங்களை மட்டும் குவித்திருந்தால் யாருக்கும் வழி தெரிந்திருக்காது. சிறு நூலகத்தின் அரிய நூல் அலமாரிக்கும் இதுவே பொருந்தும்.

ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

நூலகர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

1. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். உரிமைக் காலம் 2008-உடன் முடிந்தது. பாரதிதாசன் மறைந்தது 1964, 2024-உடன் முடிந்தது. இருவர் எழுத்தையும் தமிழ்நாடு அரசு முன்பே நாட்டுடைமையாக்கியிருந்தது.

2. ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார். 2075 முடியும்வரை உரிமை உண்டு. 2018-இல் மறைந்த பிரபஞ்சனுக்கு 2078 வரை. பிறந்த நாளைக் கொண்டாடும் ஆர்வத்தில் முழுக் கதையைப் பி.டி.எஃப். ஆக்கிக் குழுவில் அனுப்புவது சட்டமீறல்.

3. மூல உரிமை முடிந்தாலும் பதிப்பாசிரியரின் முன்னுரை, குறிப்புகள், அட்டை ஓவியம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம்.

4. நூலகங்களுக்குச் சட்டம் இரண்டு சலுகைகள் தருகிறது. இந்தியாவில் விற்பனையில் கிடைக்காத நூலை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று படிகளுக்கு மிகாமல் எடுக்கலாம். 2012 திருத்தப்படி, தன்னிடம் அச்சுப் பிரதி இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். இரண்டும் நூலைக் காப்பதற்கே. பொதுவெளியில் வெளியிட அனுமதி அல்ல.

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தமிழில் இப்போது நன்றாகவே தேறியிருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அது தடுமாறும். மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டும்.

பார்கோடும் ஆர்.எஃப்.ஐ.டி.யும்

பார்கோடு, கருவி நேராகப் பார்த்தால்தான் படிக்கும். ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை வானொலி அலையில் பேசுவதால் புத்தகத்தைத் திறக்காமலே, பலவற்றை ஒரே நேரத்தில் படிக்கலாம். இருப்புச் சரிபார்ப்பு விரைவாகும். இரும்பு அலமாரிகள் அதன் அலையைக் குழப்பும். பல்கலைக்கழக நூலகத்துக்கு அது பொருந்தும். கிளை நூலகத்துக்குப் பார்கோடு போதும். மிச்சமாகும் பணத்தைப் பட்டியலைத் திருத்தும் தற்காலிகப் பணியாளருக்குக் கொடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்?

உரையாடும் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. அதனால், எழுதப்படாத நூலின் பெயரையும் ஆசிரியரோடும் ஆண்டோடும் சேர்த்து நம்பும்படி சொல்லிவிடக்கூடும். அந்தத் தலைப்பை எழுதிக்கொண்டு வாசகர் நூலகத்துக்கு வருவார். "எங்களிடம் இல்லை" என்பதற்கும் "அப்படி ஒரு நூலே இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல, நம்பத்தகுந்த நூற்பட்டியல் தேவை. இணையத்தில் தேடிப் பதில் தரும் செயலிகளும் திறந்த பக்கங்களில் எழுத்தாக இருப்பதையே பார்க்கின்றன. படத்திலும் மூடிய குழுவிலும் இருக்கும் உள்ளூர் நூல்கள் அவற்றைப் பொறுத்தவரை இல்லாதவை.

எதிலிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டப்படுகிறது. அதனால் கடலூர் வாசகர் நூற்பட்டியலைக் கேட்பது சலுகை அல்ல. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாத நூலகருக்கு இந்த வரிசை உதவும்:

1. உள்ளூர் எழுத்தாளர், உள்ளூர் வரலாறு ஆகிய நூல்களை யூனிகோடில், பெயர் ஆணைப் பதிவோடு முதலில் ஏற்றுங்கள்.

2. தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வாரந்தோறும் மாவட்டத்துக்கு வெளியே உள்ள வழங்கியில் (சர்வர்) வையுங்கள். அதே அறையில் உள்ள பென் டிரைவ் வெள்ளத்தில் உதவாது.

3. மாதம் ஒரு வலைப்பூப் பதிவு போதும். பதிவுகளின் காப்பு நகலையும் எடுத்துவையுங்கள்.

4. யார் எந்த நூலை எடுத்தார் என்பதை எந்த ஊடகத்திலும் வெளியிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. கோடை முகாமில் சேரும் சிறுவர்களின் பெயரையும் படத்தையும் போடும் முன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

5. எல்லாக் கணக்குகளையும் நூலகத்தின் மின்னஞ்சல் முகவரியில் தொடங்குங்கள். சொந்தத் தொலைபேசி எண்ணில் தொடங்கிய பக்கம், நூலகர் வேறு ஊருக்கு மாற்றலாகும் நாளில் அனாதையாகிவிடும். பொறுப்பு ஒப்படைக்கும்போது சேர்க்கைப் பதிவேடு, அலமாரிச் சாவிகள் ஆகியவற்றோடு வலைப்பூ, சேனல், நூற்பட்டியல் வழங்கி மூன்றின் கடவுச்சொற்களும் பட்டியலில் எழுதப்பட்டு, பொறுப்பேற்பவரின் கையொப்பத்தோடு மாற வேண்டும்.